மெட்ராஸ் ரயிலுக்கு ஒரு மனு

மெட்ராஸில் மின்சார ரயில்களைக் கூட்டப் பணம் ஒதுக்கச் சொல்லி, சிவகாசியிலிருந்து டில்லிக்கு மனுப் போட்டவர் சீனிச்சாமி அண்ணாச்சி ஒருவர்தான். மருமகன் தினமும் ரயில் படியில் தொங்கிக்கொண்டே வேலைக்குப் போகிறார் என்று மகள் எழுதியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பட்ஜெட் அன்று டீக்கடை ரேடியோ, "மெட்ராஸ் மின்சார ரயில் திட்டத்துக்கு நிதி ஒதுக்கப்படுகிறது" என்றது.

"கேட்டீகளா வாத்தியாரே? டில்லிக்காரன் நம்ம மனுவுக்கு மதிப்புக் குடுத்துட்டான்!"

"ஆமா அண்ணாச்சி, அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத்தான் மந்திரி எந்திரிச்சாராம்" என்று சிரித்தார் சேசுராஜ் வாத்தியார்.

சிவகாசிக்காரருக்குச் சந்தோஷம் வந்தால் கை சும்மா இருக்குமா? கையோடு கொண்டுவந்திருந்த சரவெடியை அண்ணாச்சி கடை வாசலிலேயே கொளுத்தினார். வெடி ஓய்வதற்குள் செய்தி முடிந்து பாட்டு வந்துவிட்டது. வெடிச் சத்தத்துக்கு நடுவே ரேடியோவில் காதை ஒட்டிவைத்து மீதியைக் கேட்டிருந்த வாத்தியார், அண்ணாச்சியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, வயித்தெரிச்சலா?"

அவர் பதில் சொல்வதற்குள், எதிர்க்கடை ரேடியோவில் கேட்டுவிட்டுச் சங்கத்து நாகையா ஓடிவந்தார்.

"தலைவரே, மோசம் போனோம்! மெட்ராஸ் ரயிலுக்குப் பணம் பத்தலைன்னு தீப்பெட்டி வரியக் கூட்டிட்டான். இனி நம்ம கம்பெனிகளை எப்படி நடத்துறது? எந்தக் கிறுக்குப்பய அந்த ரயிலக் கேட்டான்?"

தீப்பெட்டி முதலாளிகள் சங்கத் தலைவரான சீனிச்சாமி அண்ணாச்சி மீசையை முறுக்கினார்.

"அவன் மட்டும் என் கையில சிக்கட்டும்!"

வாத்தியார் சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கினார். நாகையா நகர்ந்ததும் அண்ணாச்சி வாத்தியார் காதருகே குனிந்தார்.

"அப்ப, மருமகன் இனிமே உள்ள உக்காந்து போயிருவாருல்ல?"