எழுந்து போகாத மாப்பிள்ளை

"சீக்கிரங்க, அண்ணன் படியேறிட்டாரு!"

மேஜை மேல் கிடந்த கத்தி, கத்தரி, ஊசி, தோலில் துளை போடும் முள், மரச் சுத்தி, பசை டப்பா எல்லாவற்றையும் இரண்டு கைகளாலும் வாரி டிராயரில் கொட்டினாள் அவள்.

"ஏய், கத்தரியைக் கொடு. கடைசி முடிச்சு போட்டுட்டேன். நூலை வெட்டணும்" என்றார் கணவர், நாற்காலியில் சாய்ந்தபடி.

"மூச்! இந்தத் தோல் கடையை அண்ணன் பார்த்தார்னா தொலைஞ்சோம். போன தடவை நீங்க ஆசையா தைச்சுக் கொடுத்த பர்ஸை, ஒத்தைச் செருப்புன்னு நினைச்சு வாசல்லயே விட்டுட்டுப் போனவரு அவரு."

டிராயரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆறு மாதமாக இதே கூத்துதான். மனிதர் ஆபீஸ் விட்டு வந்ததும் போனில் வீடியோ பார்த்துத் தோல் தைக்க உட்கார்ந்துவிடுவார். ரிமோட்டுக்கு உறை, கரண்டிக்கு உறை, குடைக்கு ஏற்கெனவே இருந்த உறைக்கு இன்னோர் உறை. உறை போட எதுவும் மிச்சமில்லாமல் போகவே, இப்போது தான் உட்காரும் மர நாற்காலியின் கைப்பிடிகளுக்கே தோல் போர்த்திக்கொண்டிருந்தார். நாலு பேர் சேர்ந்தால்தான் அசைகிற நாற்காலி அது.

"யானையைக் கட்டினாலும் அறாது, மெழுகு நூல்" என்று காலையிலிருந்து பெருமை வேறு.

அவளுக்கு இன்றைக்கு வேறு கவலை. கூடப் பிறந்தவர் என்று இருப்பது ஒரே அண்ணன். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் டைல்ஸ்தான். அவர் ஆரம்பித்ததுமே இவர் "குழாய் திறந்திருக்கு", "போன் அடிக்குது" என்று எழுந்து போனால் போனதுதான். நேற்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பாப்பா, நாளைக்கும் உன் வீட்டுக்காரர் பாதியில எழுந்து போனார்னா, இனிமே உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

"எழுந்து அந்தச் சட்டையையாவது மாத்துங்க" என்றாள்.

எழுவது போல அசைந்த கணவர் மறுபடி பொத்தென்று உட்கார்ந்தார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"இங்க பாரு, அந்தக் கத்தரி..."

"கத்தரியாம் கத்தரி! இன்னைக்கு மட்டும் எழுந்து போனீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அண்ணன் உள்ளே வந்துவிட்டார்.

"வாங்க மச்சான்" என்றார் கணவர், உட்கார்ந்தபடியே.

அண்ணனின் புருவம் ஏறியது. எதிரே உட்கார்ந்தார். வேண்டுமென்றே ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, இந்த வழுக்காத டைல்ஸ்னு ஒண்ணு வந்திருக்கு..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கணவர் அங்கேயே இருந்தார்.

"அப்படியா மச்சான்?"

வழுக்காததிலிருந்து வழுக்குவதற்குப் போனது பேச்சு. பிறகு குளியலறை, மொட்டை மாடி, டைல்ஸ் இடுக்கில் பூசும் சிமெண்டு. காபி இரண்டு தடவை வந்தது. கணவர் இரண்டு தடவையும் வேண்டாமென்றார். படுக்கையறையில் நிஜமாகவே போன் அடித்தது.

"போய் எடுங்க மாப்பிள்ளை" என்றார் அண்ணன், பரீட்சை வைக்கிறவர் போல.

"அடிக்கட்டும் மச்சான். நீங்க சொல்லுங்க."

அண்ணனின் குரல் இளகியது. "பால்கனிக்கு வாங்களேன், தரையைக் காட்டியே விளக்குறேன்."

"இங்கேயே சொல்லுங்க. இங்கேதான் மனசுல பதியுது."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த நேரத்தில், கணவர் அவளைப் பார்த்து இரண்டு விரலைக் கத்தரி போல ஆட்டினார். பேச்சை வெட்டிவிடச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. 'பொறுத்துக்கோங்க' என்று கண்ணாலேயே கெஞ்சினாள். கணவர் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

புறப்படும்போது அண்ணன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் சம்சாரமே இவ்வளவு நேரம் கேட்டதில்ல. உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் மாப்பிள்ளை. எழுந்திருக்காதீங்க, உட்காருங்க!" என்று குனிந்து அணைத்துக்கொண்டார். "இனிமே வாரா வாரம் வந்துடுறேன், பாப்பா."

கதவைச் சாத்திவிட்டு வந்தவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"எனக்காக இப்படி அசையாம உட்கார்ந்தீங்களே! என்ன வேணும் கேளுங்க, செய்யறேன்."

"கத்தரி" என்றார் அவர்.

"இப்பவும் கத்தரியா?"

"உறையோட அடித்தையல் தொடைப் பக்கமா வருது. குனிஞ்சு பார்க்காம கையால தடவிப் பார்த்தே தைச்சேன். பேண்ட்டையும் சேர்த்துத் தைச்சுட்டேன்."

அவள் மண்டியிட்டுப் பார்த்தாள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை, கைப்பிடியோடு சேர்த்து, நூல் பிடித்தாற்போல நேரான தையல். ஆறு மாதத்தில் இவ்வளவு அழகாக அவர் தைத்ததே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு டிராயரைத் திறந்து கத்தரியை எடுத்தாள்.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம்.

"பாப்பா! கதவைத் திற! சாம்பிள் பெட்டி வண்டியிலேயே இருக்கு. எல்லா டிசைனையும் மாப்பிள்ளைக்குக் காட்டிட்டே போறேன்!"

அவள் கணவரைப் பார்த்தாள். தையலைப் பார்த்தாள். கத்தரியைத் திரும்ப டிராயரில் போட்டு, சத்தமில்லாமல் பூட்டினாள்.