யானையும் தவளையும் ஒட்டிக்கொண்ட பக்கம்

பாப்பாவின் பாட்டுப் புத்தகத்தில் ஒரு யானை இருந்தது. அதன் பாட்டு வரும்போதெல்லாம் அது குட்டையில் குதிக்கும், பாப்பா கைகொட்டும். ஒருநாள் காலை பாப்பா கேழ்வரகுக் கூழைச் சிந்த, யானையின் பக்கம் எதிரில் இருந்த தவளையின் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, தும்பிக்கையைக் கொஞ்சம் எடுங்க. மூச்சு முட்டுது," என்றது தவளை.

"பாப்பா என்னை மறந்துட்டா என்னடா பண்றது?" என்றது யானை. அதற்கு அந்த ஒரே கவலை.

மாலையில் அப்பா படித்தார். கோழிப் பாட்டு முடிந்ததும் நேராகக் குதிரைக்குத் தாவினார். பாப்பா விடவில்லை. புத்தகத்தைப் பிடுங்கி, ஒட்டிய ஓரத்தை வாயில் வைத்துச் சப்பியது. எச்சிலில் கூழ் ஊறிக் கரைய, பக்கம் பிரிந்தது.

அப்பா சிரித்துக்கொண்டே பாடினார்: "தொப்பை யானை குதிச்சது, தொப்புனு சேறு தெறிச்சது."

"தொப்பு," என்று பாப்பாவும் கத்தியது.

யானைக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை உயரம் அது எப்போதும் குதித்ததில்லை. சேறெல்லாம் தவளையின் முகத்தில்.

"நாம ஒட்டிக்கிட்டே இருந்திருக்கலாம் அண்ணே," என்றது தவளை, கண்ணைத் துடைத்தபடி.

பாப்பா புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பி அப்பாவிடம் நீட்டியது.

"வாயை மூடிக்கோடா தம்பி," என்றது யானை. "மறுபடி வர்றேன்."