தலைமாட்டுப் புத்தகம்

"அதைக் கீழே வைங்க மாப்பிள்ளை! இங்கே புத்தகம் படிக்கிறவங்க உட்கார்ந்திருக்காங்க!"

மாமா மேசையைத் தட்டிய தட்டில் தண்ணீர் டம்ளர் துள்ளியது. மாப்பிள்ளை, எல்லோருக்கும் காட்ட எடுத்து வந்த, திரையில் புத்தகம் படிக்கிற இ-ரீடரைக் கீழே வைத்தான். சொந்த மாமனார். அதுவும் குடியிருப்பு வாசகர் வட்டத்தின் தலைவர். எதிர்த்துப் பேசினால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

விஷயம் இதுதான். வட்டத்தின் பணத்தில் இந்த வருஷம் என்ன வாங்குவது? புத்தகங்களுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியா, கண் மங்கிய உறுப்பினர்களுக்கு இ-ரீடரா? கூட்டம் முடிவதற்குள் கை தூக்கித் தீர்மானிக்க வேண்டும்.

இ-ரீடர் கேட்டது தையலக்கா. காலமெல்லாம் சட்டைக்குக் காஜா எடுத்தே கண் தேய்ந்துவிட்டது. இப்போது வாராவாரம் வந்து, மற்றவர்கள் படித்துச் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகிறார்.

"அதுல எழுத்தைப் பெருசாக்கிக்கலாமாமே தலைவரே. ஒரு கதையாவது நானே படிச்சு முடிக்கணும்னு ஆசையா இருக்கு. அடுத்தவங்க படிச்சுச் சொன்னா, அவங்களுக்குச் சிரிப்பு வர்ற இடத்துலதான் நானும் சிரிக்க வேண்டியிருக்கு."

"கோவிச்சுக்காதீங்க அக்கா. கண்ணு போச்சுன்னா படிப்பை விட்டுடணும். அதுக்காக எழுத்தை பலூன் மாதிரி ஊதக் கூடாது. எழுத்துக்கே அவமானம்!"

நாலு பேர் கை தட்டினார்கள். அந்த நாலு பேரும் மாமா இருமினாலும் தட்டுவார்கள்.

தையலக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். துடைத்து என்ன ஆகப்போகிறது?

மாமாவின் புத்தக பக்தி எல்லோருக்கும் தெரிந்தது. பக்கத்தின் ஓரத்தை மடக்கினார் என்பதற்காக ஒருவரை வட்டத்தை விட்டே துரத்தியிருக்கிறார். வீட்டு அலமாரிக்குப் பூட்டு. சாவி எப்போதும் சட்டைப் பையில். பெற்ற மகளே கேட்டாலும் புத்தகம் வெளியே வராது.

"நிஜப் புத்தகம்னா என்னன்னு நான் காட்டறேன். மாப்பிள்ளை, வீட்டுக்குப் போய் நல்ல கெட்டி அட்டை போட்டதா ஒண்ணு எடுத்துட்டு வாங்க. ஓடுங்க!"

வீடு ஒரு மாடி மேலேதான். ஓடினான். மாமியார் கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாவி குடுத்தாரா?"

"இல்லையே அத்தை."

"நல்லா இருக்கு! புத்தகம் எடுத்துட்டு வான்னு ஆளை அனுப்புவாராம். சாவியை மட்டும் பையிலேயே வச்சுக்குவாராம்."

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனவர் செங்கல் பருமனில் ஒரு புத்தகத்தோடு வந்தார்.

"இந்தாங்க, இவர் தலைமாட்டுல கிடந்தது. தினமும் கதவைச் சாத்திக்கிட்டு இதைத்தான் படிக்கிறார். என்னைத் தூசி தட்டக்கூட விடறதில்லை."

படி இறங்கும்போது உள்ளே ஏதோ லொடலொடத்தது. பைண்டிங் விட்டுப் போயிருக்குமோ? போச்சு, இந்தப் பழியும் நம் தலையில்தான். மாப்பிள்ளை புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கீழே மாமா உச்சத்தில் இருந்தார்.

"புத்தகம்ங்கிறது ஓர் உயிர்! அதுமேல ஒரு கீறல் விழுந்தாக்கூட எனக்கு வலிக்கும்!"

சொல்லிக்கொண்டே பின்னால் கையை நீட்டியவர், வந்திருக்கும் புத்தகத்தைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"இது... இது எங்கேருந்து?"

"தலைமாட்டுல இருந்துச்சாம் மாமா. அத்தை குடுத்தாங்க."

"இது வேண்டாம். வேற ஏதாவது..."

"ஏன் தலைவரே, சும்மா கும்முனு இருக்கே! பிரிச்சுக் காட்டுங்க," என்றார் கை தட்டுகிறவர்களில் ஒருவர், பாவம், உதவி செய்வதாக நினைத்து.

மாமா மாப்பிள்ளையின் காதோரம் குனிந்தார். இவன் பெண் கேட்டு வந்த நாளில்கூட அந்தக் குரலில் இத்தனை பணிவு இருந்ததில்லை.

"மாப்பிள்ளை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். பிரிக்காம மேலே கொண்டு போயிடுங்க. நம்ம குடும்ப மானம்."

மாப்பிள்ளை மாமாவைப் பார்த்தான். தையலக்காவைப் பார்த்தான். பிரித்தான்.

முதல் சில பக்கங்கள் ஒழுங்காக இருந்தன. அதற்கப்புறம் பக்கமே இல்லை. நட்டநடுவில் பிளேடு போட்டு, அளவெடுத்து வெட்டிய குழி. குழிக்குள் ஓர் இ-ரீடர். திரையில் வரிக்கு மூன்றே வார்த்தை. கடைசி நாற்காலியிலிருந்தே படிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து.

கை தட்டுகிற நாலு பேருக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"மூடுங்க மாப்பிள்ளை," என்றார் மாமா, உதடு மட்டும் அசைய. "மேலே கொண்டு போங்க."

மாப்பிள்ளை மூடவில்லை. மேலேயும் போகவில்லை. நேராகத் தையலக்காவிடம் போய், குழிக்குள் இருந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"மாமா எந்த இடத்துல விட்டிருக்காரோ, அங்கேருந்தே சத்தமா படிங்கக்கா. படிச்சு முடிச்சதும் எல்லாரும் கை தூக்கலாம்."