மாப்பிள்ளை வீட்டுக் கோன்

மருதோன்றி போடுமுன் கையில் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. இருந்தால் நிறம் பிடிக்காது. உட்துறைமுக வீதியில் சலூன் நடத்தும் சீலா, வேலை பழக வருகிற எவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுகிற விஷயம் இது.

அவளிடம் ஆறு வருஷம் வேலை செய்த றுஷ்தாவோ, கல்யாணப் பெண் அம்ராவின் இரண்டு கைகளிலும் எண்ணெய்ப் பசை மிகுந்த ஷியா பட்டர் கிறீமை அள்ளி அள்ளிப் பூசிக்கொண்டிருந்தாள்.

ஹோட்டல்களிலிருந்து கை மசாஜுக்கு வரும் வெள்ளைக்காரிகளுக்கென்று சீலா வைத்திருந்த கிறீம் அது.

றுஷ்தா ஏன் இப்படிச் செய்கிறாள் என்பது சீலாவுக்குத் தெரியும். வேறென்ன, கோபம்தான்.

அரை மணி நேரத்துக்கு முன்னர், மாப்பிள்ளையின் அக்கா ஸல்ஹா கைப்பையிலிருந்து மருதோன்றிக் கோன் இரண்டை எடுத்து மேசையில் வைத்திருந்தாள்.

"வெளிநாட்டால வந்தது. அஞ்சு நிமிஷத்தில கறுகறுவெண்டு பிடிக்கும். பொண்ணுக்கு இதத்தான் போடணும்."

றுஷ்தா ஒன்றின் முனையை வெட்டி மணந்து பார்த்தாள்.

"மணம் கடுமையா இருக்கு ராத்தா. கைக்கு ஒத்துவராது போல. நான் இலை அரைச்சுச் செஞ்ச கோன் இருக்கு, அதப் போடுவமா?"

"எங்கட ஊட்டால தந்தது உங்களுக்குக் குறைச்சலாப் போயிட்டா?"

ஸல்ஹா கேட்டது றுஷ்தாவை அல்ல, பெண்ணின் உம்மா றம்ஸியாவை.

மாப்பிள்ளை வீட்டாரை றம்ஸியாவுக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தில் இரண்டு பேருக்கு இனிப்புக்கு வைத்த வட்டிலப்பம் குறைந்துவிட்டது என்று மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாத வீடு அது. அதற்கு முன்பே அம்ராவுக்கு இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. வயதும் முப்பத்திரண்டு.

"இல்ல மகள், இல்ல. புள்ள, அதையே போடுங்க," என்றாள் அவசரமாக.

"முதல்ல எனக்குப் போடுங்க. எப்பிடிப் பிடிக்குதெண்டு எல்லாரும் பாக்கட்டும்," என்று ஸல்ஹா கையை நீட்டினாள்.

பிடித்தது. சொன்னபடியே ஐந்து நிமிஷத்தில், கறுகறுவென்று.

அதன் பிறகுதான் றுஷ்தா, "பொண்ணுட கை காஞ்சு கிடக்கு, கொஞ்சம் மசாஜ் பண்ணிட்டுப் போடுறன்," என்று கிறீமை எடுத்தாள்.

சீலா அவளைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள்.

"என்ன செய்யிறாய் பிள்ளை? முதல் நாள் நான் என்ன சொல்லித் தந்தனான்?"

"ஞாபகம் இருக்கு அக்கா."

ஞாபகம் இருக்கிறவள் திரும்பிப் போய், அந்தக் கிறீமைத் துடைக்காமலே மேலே கோடு கோடாக வரைந்தாள். போதாக்குறைக்கு, ஸல்ஹா புறப்பட்டுப் போனதும், மூன்று நிமிஷம்கூட வைக்காமல் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் விட்டாள். தன்னுடைய கோனை வேண்டாமென்று சொன்னதற்கு ஒரு கல்யாணப் பெண்ணிலா பழிவாங்குவது என்று சீலாவுக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் ஸல்ஹா வந்து நின்றாள்.

"என்ட கையப் பாருங்க! பொண்ணுட கையப் பாத்தா, நேத்து மஞ்சள் சோறு திண்டுட்டு கழுவ மறந்த மாதிரி இருக்கு. வேணுமெண்டு செஞ்ச வேல இது! இனிக் கிண்ணியாவில இருந்து ஒரு கலியாணம் உங்களுக்கு வருமா எண்டு நானும் பாக்கிறன்."

சலூனுக்கு வரும் கல்யாணங்களில் பாதி, பாலம் கடந்து கிண்ணியாவிலிருந்து வருபவைதான். சீலா றுஷ்தாவைப் பார்த்தாள்.

"என்ட பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்க ராத்தா," என்றாள் றுஷ்தா.

"நாளையில இருந்து நீ வர வேண்டாம்," என்றாள் சீலா.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. வட்டிலப்பம் மிஞ்சியதாகவும் கேள்வி.

செவ்வாய்க்கிழமை, விட்டுப்போன தன் சாமான்களை எடுக்க றுஷ்தா வந்திருந்த நேரம், ஸல்ஹா உள்ளே வந்தாள். இரண்டு கைகளும் சால்வைக்குள் இருந்தன. வெளியே எடுத்தாள். பூ, கொடி, மாங்காய் எல்லாம் கோடு தவறாமல் கொப்புளமாக எழும்பியிருந்தன.

"ரெண்டு நாளா நித்திரை இல்ல. அம்ராட கைக்குப் போட்ட அந்தக் கிறீம்ல கொஞ்சம் தாங்க. அவட கையில ஒரு பொட்டுக் கொப்புளம் இல்ல."

"புண்ணுக்கு அது சரிவராது ராத்தா. உடனே ஆசுபத்திரிக்குப் போங்க," என்றாள் றுஷ்தா. தானே வீதிக்கு ஓடிப்போய் ஒரு ஓட்டோவை மறித்து, ஸல்ஹாவின் கையில் எதுவும் படாமல் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தாள்.

சீலா கதிரையில் உட்கார்ந்திருந்தாள். எழும்ப அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எல்லாம் தெரிஞ்சுதான் பூசினியா?"

"ஓம் அக்கா. அந்தக் கோனில தலைமயிர்ச் சாயம் கலந்திருக்கு, அது அவட தோல்ல படக்கூடாதெண்டுதான்."

"அண்டைக்கு ஸல்ஹாவுக்கு முன்னால இதைச் சொல்லியிருந்தா, நான் உன்னை வேலையால நிப்பாட்டியிருப்பனா?"

றுஷ்தா தன் கத்தரிக்கோலைப் பைக்குள் வைத்தாள்.

"சொல்லியிருந்தா என்ட வேலை தப்பியிருக்கும், அக்கா. அம்ராட கலியாணம் தப்பியிருக்காது."