நாளைக்குச் சொல்றேன், மிஸ்யே

"நாளைக்குச் சொல்றேன், மிஸ்யே" என்றான் க்ளெமான்.

மிஸ்யே என்றால் மொரீஷியஸில் ஐயா. மரியாதையாகத்தான் சொன்னான். ஆனாலும் விநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே? மூன்றாவது தடவையாக அவருடைய விமானம் கரும்புக்குள் போய் விழுந்திருக்கிறது. ரேடியோவில் பறக்கும் குட்டி விமானம். எஞ்சின் லண்டனிலிருந்து மச்சினன் கப்பலில் அனுப்பியது. நைட்ரோ கலந்த எரிபொருளைக் குடித்துவிட்டுக் காது கிழியக் கத்தும். ஜம்மென்று மேலே போகும். மூன்றே நிமிஷம், கப்சிப்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. அன்றைக்கு எஸ்டேட் மேனேஜர் பியேர் வேடிக்கை பார்க்க வருகிறார். ரோஸ் பெல் ஊரில் குட்டி விமானக் கிளப் பறக்கவிடுகிற புல்தரை எஸ்டேட்டுக்குச் சொந்தம். பறப்பது பிடித்திருந்தால் மைதானம் உங்களுக்கு, இல்லையென்றால் அடுத்த மாதமே கரும்பு நட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். மற்றவர்களெல்லாம் விமானத்தைக் கம்பியில் கட்டித் தங்களைச் சுற்றிப் பறக்கவிடுகிறவர்கள். ரேடியோ விமானம் வைத்திருந்தது கிளப் செயலாளர் விநாயகம் ஒருவர்தான்.

தபாலாபீசில் இருபது பேரை ஆட்டிவைக்கிற மனுஷர். உள்ளங்கை அகல எஞ்சின் அவரை ஆட்டிவைத்தது.

க்ளெமான் சர்க்கரை ஆலை மெக்கானிக். எந்த எஞ்சினை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது, ஓடுகிற எஞ்சினுக்கு என்ன நோவு, எல்லாம் சொல்லுவான். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. ஆனால் அன்றைக்கே சொல்ல மாட்டான். கேட்டுக்கொள்வான், தலையைச் சொறிவான், நாளைக்கு என்பான். ரொம்பத்தான் கிராக்கி பண்ணிக்கொள்கிறான் என்று கிளப்பில் சலித்துக்கொண்டார்கள். ஆலையின் வெள்ளைக்கார இஞ்சினியரிடம் கேட்டு வந்து ஒப்பிக்கிறான் என்றும் பேச்சு.

அவன் யாரிடம் போய்க் கேட்கிறான் என்று இன்றைக்கே பார்த்துவிடுவது என்று சாயங்காலம் க்ளெமான் வீட்டுக்குப் புறப்பட்டார் விநாயகம்.

வாசலை நெருங்கும்போதே கேட்டது. அவருடைய எஞ்சின்! அதே கத்தல், அதே இழுப்பு. கொட்டகையில் பூட்டி வைத்துவிட்டு வந்த எஞ்சின் இங்கே எப்படி? அடப்பாவி, கமுக்கமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டானே என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

எஞ்சின் எதுவும் இல்லை. க்ளெமான் நடு அறையில் நின்று, கன்னத்தை உப்பிக்கொண்டு, வாயாலேயே கத்திக்கொண்டிருந்தான். எதிரே தையல் மெஷினுக்கு முன்னால் அவன் மனைவி ஜினெட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நிக்கிறதுக்கு முன்னாடி குரல் கம்முச்சா, மெலிஞ்சுதா? இன்னொரு வாட்டி பண்ணு."

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். கடைசியில் குரல் கீச்சென்று மெலிந்து நின்றது.

"தாகம்" என்றாள் ஜினெட். "எரிபொருள் பத்தலை. ஊசித் திருகை அரைச் சுத்து தளர்த்தச் சொல்லு. புது எஞ்சினை எடுத்த எடுப்பிலேயே யாராவது ஆகாசத்துல ஏத்துவாங்களா? தரையில கட்டிப்போட்டு, நல்லாப் புகையவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டணும். அப்பத்தான் இறுக்கம் விடும். ஆரம்பத்துல ஒரு கரகரப்பு வருதே, அது துரு. ஓட்டி முடிச்சா மிச்சத்தை எரிச்சுத் தீர்த்துட்டு ரெண்டு சொட்டு எண்ணெய் விடணும். அந்த மனுஷன் விடுறதே இல்லை. தையல் மெஷினோ ஏரோபிளேனோ, எண்ணெய் இல்லேன்னா அழுற அழுகை ஒண்ணுதான்."

விநாயகத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எஞ்சினைக் கண்ணால்கூடப் பார்க்காமல், புருஷன் வாயால் கத்தியதைக் கேட்டே அவருடைய சோம்பேறித்தனம் வரைக்கும் புட்டுப் புட்டு வைக்கிறாளே! கதவைத் தட்டக் கை வரவில்லை. அப்படியே திரும்பிவிட்டார்.

மறுநாள் க்ளெமான் வந்து அத்தனையும் சொன்னான். எழுத்துப் பிசகவில்லை. ஜினெட் பெயர் மட்டும் அதில் இல்லை. பெண்டாட்டி காதை வைத்துக்கொண்டு இவன் பேர் வாங்குகிறானே என்று விநாயகத்துக்கு மனசுக்குள் கசந்தது. ஆனாலும் சொன்னபடியே செய்தார். சனிக்கிழமை தரையில் கட்டி ஒரு மணி நேரம் புகையவிட்டார், துருவைக் கழுவினார், எண்ணெய் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறியது.

மூன்று நிமிஷம் தாண்டியது. ஐந்து தாண்டியது. குரலில் ஒரு பிசிறு கிடையாது. கரும்புக்கு மேலே, ஆலைப் புகைபோக்கியின் உயரத்துக்குப் போய், வெயிலில் சிறகு மின்ன வளைந்து வந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை மறந்தார்கள். பியேர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வாய் பிளந்து அண்ணாந்து நின்றார். விநாயகத்துக்குக் கண் கலங்கி, எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்றே ஒரு கணம் தெரியவில்லை. ஒன்பது நிமிஷம் பறந்து, புல்லில் மெத்தென்று வந்து உட்கார்ந்தது.

கரும்பை வேறெங்காவது நட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மேனேஜர் கிளம்பினார். எல்லாரும் க்ளெமானைத் தூக்காத குறை.

கூட்டம் கலைந்ததும் விநாயகம் அவனைத் தனியாக இழுத்தார். ஜன்னலில் நின்று கேட்டதையெல்லாம் சொன்னார்.

"இப்படி ஒரு காதை வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு நீ பேர் வாங்கிக்கிறியே, நியாயமா? ஒரு நாளாவது அவங்களை இங்கே கூட்டிட்டு வரணும்னு தோணலையா உனக்கு?"

க்ளெமான் தலையைச் சொறிந்தான். இந்தத் தடவை நாளைக்கு என்று சொல்லவில்லை.

"போன வருஷம் கூட்டிட்டு வந்தேனே, மிஸ்யே. பொம்பளைக்கு இங்கே என்ன வேலை, வீட்டுல போய்ச் சமையலைக் கவனின்னு வாசலோட திருப்பி அனுப்பினது நீங்கதானே?"