ஆறு கடைகள் தாண்டி

அப்பா லேப்டாப்பை மேசையிலிருந்து தூக்கியதும் கடை முழுக்க அலாரம் அலறியது.

பின்னால் மெல்லிய கம்பி ஒன்று கட்டியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. காவலாளி ஓடி வந்தார். டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்தார். அப்பா மட்டும் கைக்குழந்தையைப் போல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றார்.

"வெளிச்சத்துல பாக்கணும் சார். டியூப் லைட்டுக்குக் கீழ எல்லாக் கலரும் பொய் சொல்லும்."

அப்பா பெயின்டர். எந்த வீட்டிலும் மாதிரி அட்டையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்க்காமல் டப்பாவைத் திறக்க மாட்டார். லேப்டாப்புக்கும் அதே சட்டம்தான் போலிருக்கிறது.

இவர் யாரென்றே எனக்குத் தெரியாது என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு. யாரும் நம்பவில்லை.

நான் கல்லூரியில் காட்சி ஊடகம் படிக்கிறேன். எடுத்து முடித்த படத்தின் நிறங்களைச் சரிசெய்வதுதான் எனக்குப் பிடித்த வேலை. சோறு தண்ணி இல்லாமல் செய்வேன். போன வாரம் என் ஐந்து நிமிடப் படத்தை வகுப்பின் பெரிய திரையில் போட்டார்கள். அண்ணனின் பழைய கணினியில் ஜம்மென்று இருந்த முகங்கள் அங்கே மஞ்சளாக வந்தன. காதலைச் சொல்ல வந்த கதாநாயகி காமாலைக்கு மருந்து கேட்க வந்தவளைப் போல நின்றாள்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. உனக்கு நிறம் பார்க்கிற கண் இல்லை, எழுத்துப் பிரிவுக்கு மாறிவிடு என்று அன்பாகச் சொன்னார். அவரும் சிரித்திருக்கலாம்.

கணினியின் திரைதான் சரியில்லை என்று வீட்டில் அழுதேன். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அப்பாவோ இன்று காலை வேலைக்குப் போகாமல், முகச்சவரம் செய்துகொண்டு, வா, புதுசாக ஒன்று வாங்கிவிடலாம் என்று கிளப்பிவிட்டார்.

எனக்குத்தான் புதுசு வேண்டாம் என்றிருந்தது. பழைய திரை இருக்கும்வரை பழியைப் போட ஒரு ஆள் இருந்தது. புதுத் திரையிலும் காமாலை வந்தால் கோளாறு என் கண்ணில்தான். பிரிவை மாற்றிக்கொள்ளும் படிவம், பாதி நிரப்பியது, பையிலேயே இருந்தது. திங்கட்கிழமை கடைசி நாள்.

வழியில் ஆறு கணினிக் கடைகள் இருந்தன. ஆறையும் தாண்டி இந்த ஏழாவது கடைக்குள் நுழைந்தார். இங்கே குளிர்ச்சியாக இருந்தது. அதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அலாரம் ஒருவழியாக ஓய்ந்தது. வெளியே கொண்டுபோக முடியாது என்று விற்பனையாளர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு, வேகம், நினைவகம், கிராபிக்ஸ் கார்டு என்று மனப்பாடமாக ஒப்பித்தார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்றும் காதில் ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பென் டிரைவில் கொண்டுவந்த என் படத்தைப் போடப் போனேன். அப்பா தடுத்தார்.

"மூஞ்சியெல்லாம் வேணாம். அந்தச் சுவரை ஒரு போட்டோ எடு. எல்லாத்துலயும் போட்டுப் பாரு."

விற்பனையாளர் காவலாளியைப் பார்த்தார். காவலாளி கூரையைப் பார்த்தார். மற்றவர்கள் பூவையும் கிளியையும் போட்டுப் பார்ப்பார்கள். நாங்கள் சுவரைப் போட்டுப் பார்த்தோம்.

வெறும் சந்தன நிறச் சுவர். நடுவில் ஒரு கடிகாரம். அவ்வளவுதான்.

முதல் லேப்டாப்பில் சந்தனச் சுவர். இரண்டாவது, விற்பனையாளர் உயிரைக் கொடுத்துப் பரிந்துரைத்தது. அதில் சுவர் வெண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. மூன்றாவதிலும் சந்தனச் சுவரேதான்.

நான்காவது ஓரத்தில் கிடந்தது. சப்பையான கறுப்பு உடம்பு. அதில் பார்த்தேன். குனிந்து இன்னொரு முறை பார்த்தேன்.

"அப்பா, கடிகாரத்துக்கு வலது பக்கம் வேற கலரா இருக்கே. லேசா சிவப்பு தட்டுது."

எல்லாம் ஒரே நிறம்தான் என்றார் விற்பனையாளர். காவலாளியும் எட்டிப் பார்த்து அவர் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரே சுவரிடமே போனேன். இத்தனை நேரம் அதன் எதிரில்தான் நின்றிருந்தேன். கடைக்கு வந்து யார் சுவரைப் பார்க்கிறார்கள்? இப்போது பார்த்தேன். இருந்தது. கடிகாரத்திலிருந்து ஜன்னல் வரை, மிக லேசாக, ஒரு பொட்டுச் சிவப்பு கூடுதலாக.

திரும்பினால் அப்பா என் பின்னால் நின்றிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. கண் கலங்கியிருந்தது. யார் காதிலும் விழாதபடி என்னிடம் குனிந்தார்.

"நான் அடிச்ச சுவர்தான். கடைசி டப்பா பத்தல. மறுநாள் கடை திறப்பு. கையாலயே கலந்து அடிச்சுட்டேன். மூணு வருஷமாச்சு, முதலாளிகூடக் கண்டுபிடிக்கல."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனை எடுத்து வீட்டுக்கு அடித்துவிட்டார். அம்மா எடுத்ததும், கடையே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார்.

"இந்தா, நல்லாக் கேட்டுக்கோ. கூடம்தான் கோணல்!"