மணி அடிக்காத வீடு

தகவல் கசிவுச் சட்டம் நிறுவனங்களைத் தாண்டி மனிதர்களுக்கும் வந்துவிட்டது. அடுத்தவர் ரகசியத்தை வெளியே சொன்னவர், அன்றே அந்த ரகசியத்துக்கு உரியவரின் வீட்டு மணியை அடித்து, வாசலில் நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். அடுக்குமாடியில் மாலையானால் எல்லா வீட்டு மணியும் அலறும், புனிதவதி வீட்டைத் தவிர. தன்னைப் பற்றிப் பேச ஒரு நாதியில்லையே என்று அவளுக்கு ஆற்றாமை.

ஒருநாள் மத்தியானம் எதிர்வீட்டு ரெஜினாவிடம் உண்மையையே சொன்னாள். “யார்கிட்டயும் சொல்லிடாதே. என் வீட்டுக்காரர் துபாய்ல சாகலை. என்னை விட்டுட்டுப் போயிட்டார்.”

மாலையில் புடவை மாற்றிக்கொண்டு காத்திருந்தாள். மணி அடித்தது. ரெஜினாதான்.

“யார்கிட்டடி சொன்னே?” புனிதவதி ஆவலாகக் கேட்டாள்.

“ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலைக்கா. கேட்டதுலேர்ந்து மனசே சரியில்லை. சாப்பிட்டீங்களான்னு பாக்க வந்தேன்.”